கேப் நோட்டின் முதல் பெயர்

1. அசனத்தில் ஒரு சத்தம்

போன ஆண்டு எங்கள் சபையின் அசனப் பண்டிகையில், ஊரே வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் வாய்க்குள் ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பரிமாற வந்த அக்கா, “சிஸ்டர், ஒங்களுக்குன்னே எடுத்து வச்சேன்” என்று ஒரு நல்லி எலும்பை இலையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்பாகப் போட்டதை மறுக்கக்கூடாது என்று வலது பக்கக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தேன். எலும்பு உடையவில்லை.

பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்காது. எனக்கு மட்டும் காதுக்குள் கேட்டது. நாக்கை வைத்துத் தடவிப் பார்த்தேன். நேற்றுவரை வழவழவென்று இருந்த பல்லின் நடுவில் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. மீதிச் சோற்றை இடது பக்கமாகவே மென்று முடித்தேன். ரசம் வாங்கிக் குடித்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நான் பாளையங்கோட்டையில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று டாக்டரம்மா கேட்பதற்கு முன்னால் கருவியை எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கருவிகளைக் கழுவி, கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைப்பது, பயந்து எழுந்து ஓடுகிறவர்களை மறித்து உட்காரவைப்பது, இதெல்லாம் என் வேலை. வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் ‘சிஸ்டர்’. டாக்டரும் நோயாளிகள் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார். கிளினிக்கில் என் சொந்தப் பெயர் அவருக்கு மட்டுமே தெரியும். பின்னால் வரப்போகிற ஒரு வில்லங்கத்துக்கு இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த விரிசல் ஈறுக்கு மேலே நின்றிருந்தால் பல் பிழைக்கும். ஈறுக்குக் கீழே வேர்வரை இறங்கியிருந்தால் பிடுங்குவதைத் தவிர வழி கிடையாது. இதை எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். உடனே போய் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு படுத்துவிட்டேன்.

2. கால்வாய்க் கணக்கு

இந்தக் குறிப்பைப் புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்காக எழுதுகிறேன். பல்வலியோடு அலைகிறவர்களும் படித்தால் நல்லது. அதனால் பல்லின் கதையைத் தொடர்வதற்கு முன் ரூட் கேனால் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் முதல் நாளில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல மனிதர் தன் செருப்பை இழந்திருக்கமாட்டார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, வெளியே உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியிடம், “ஒங்களுக்கு ரூட் கேனாலாம், டாக்டர் சொன்னாவ” என்றேன். “அப்படின்னா என்னம்மா?” என்றார். எனக்கு என்ன தெரியும்? ரூட் என்றால் வேர் என்பது மட்டும் தெரியும். “வேரோட தோண்டுவாங்கன்னு நெனைக்கேன்” என்றேன். உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணோம். வாசலில் செருப்பு மட்டும் இருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “மெர்சி, பாளையங்கால்வாயப் பாத்திருக்கியா?” என்றார். அதைப் பார்க்காமல் இங்கே யார் வளர்ந்திருக்கிறார்கள்? “தண்ணி வராத நேரத்துல தூர் வாருவாங்கல்ல? குப்பை, பாசி, சகதி எல்லாத்தையும் அள்ளிப் போடுவாங்க. கால்வாயவா பேத்து எடுக்காங்க? இல்லல்லா. அதே வேலைதான் இது. பல்லோட வேருக்குள்ள மெல்லிசா ஒரு கால்வாய் ஓடுது. அதுலதான் நரம்பு இருக்கு. சொத்தை அதுவரைக்கும் போயிட்டுன்னா உள்ள அழுகிப்போவும். அந்த அழுகலத் தூர் வாரி, கழுவி, காயவச்சி, நெறச்சி அடைக்கோம். பல்லு அங்கனயேதான் இருக்கும்.”

இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் நோயாளிகளுக்குச் சொல்லிவருவது இந்தக் கால்வாய்க் கணக்குதான். வயல்காரர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். தூர் வாருவதற்கு ஊசி மாதிரி மெல்லிய ஃபைல்கள் உண்டு. ஒவ்வொரு கால்வாயின் நீளத்தையும் அளந்து, அந்த அளவுக்கு மட்டும் ஃபைலை இறக்குவார்கள். நடுநடுவே மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கடைசியில் ரப்பர் போன்ற ஒரு பொருளை வைத்து நிறைப்பார்கள். சில பல்லுக்கு ஒரே தடவையில் முடிந்துவிடும். சீழ் கோத்திருந்தால் இரண்டு மூன்று தடவை வரச்சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு பெரும்பாலும் வலி தெரியாது. முடிந்த இரண்டு மூன்று நாளைக்குக் கடிக்கும்போது கொஞ்சம் நோவு இருக்கும். அது இயல்பு. வீக்கம் வந்தாலோ வலி ஏறிக்கொண்டே போனாலோ மட்டும் உடனே வரவேண்டும்.

இவ்வளவுதான் சங்கதி. ஆனால் நம் ஆட்கள் இதற்குச் சேர்த்துக்கொள்கிற பக்கவாத்தியம் இருக்கிறதே! ஆபரேஷன் என்று நினைத்துக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்து, ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சரிகிறவர்கள் ஒரு பக்கம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஐயா. மருத்துவமனைக்கு வருகிறோமே என்று சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். வழக்கமான மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். மேல் பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்று மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் டாக்டரிடம் ஒரு மணிநேரம் வாதாடினார். வாதாடும்போது அவர் போட்டிருந்த கண்ணாடி சோடாபுட்டி கனத்துக்கு இருந்தது. அதுவரை அவர் வாயில் யாரும் கையே வைத்ததில்லை.

ஆனால் இவர்கள் எல்லாரையும்விட எனக்கு அதிகம் வேலை வைக்கிறவர்கள் ‘வலி போயிட்டு’ ஆட்கள்தான். முதல் தடவை திறந்து அழுகலை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவோம். அன்றே வலி பறந்துவிடும். ஆளும் பறந்துவிடுவார். அப்படியே நிறைத்து அடைக்கிறவரை வந்தாலும், கடைசியில் கேப் போட வரமாட்டார்கள். சொத்தையும் போய், உள்ளே குடைந்தும் எடுத்த கடைவாய்ப் பல் வெறும் கூடு மாதிரிதான் இருக்கும். மேலே தொப்பி போட்டு மூடாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் முறுக்கோ எலும்போ அதைப் பிளந்துவிடும். வலி இல்லை என்பதற்காகப் பல்லுக்குப் பலம் வந்துவிடாது.

3. நாங்குநேரி ரூட்டு

அப்படிப் பறந்தவர்களில் மன்னன் சுடலைமுத்து அண்ணாச்சி. நாங்குநேரி ரூட்டில் ஓடும் ஒரு பஸ்ஸில் கண்டக்டர். அந்த அசனத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல்முறை வந்தபோது இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். சீழ் வைத்த வீக்கத்துக்கு வெளியிலிருந்து சூடு வைத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். போதாததற்கு வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்பியதில், ஈறு வெந்து வெள்ளையாகிக் கிடந்தது. மாத்திரை வயிற்றுக்குப் போகவேண்டிய பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

“சிஸ்டர், ஊசி போட்டா வலிக்குமா?”

“ஒங்க விசில் சத்தத்த விடக் கம்மியாத்தான் இருக்கும், அண்ணாச்சி. உக்காருங்க.”

“நான் சும்மா கேட்டேன். பயம்லாம் ஒண்ணும் கெடையாது” என்றார். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடியில் அது கழன்று வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சீழ் இருந்ததால் முதல் நாள் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. வீங்கிச் சிவந்த இடத்தில் மரப்பு மருந்து அரைகுறையாகத்தான் வேலை செய்யும். வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு வருகிறவர்கள் கொடுக்கிற விலை இது. டாக்டர் பைய வேலை செய்து, சீழை வடியவிட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அண்ணாச்சி ஒழுங்காக மூன்று தடவை வந்தார். தூர் வாரி, நிறைத்து, அடைத்து முடிந்தது. “அடுத்த வாரம் கேப்புக்கு அளவெடுக்கணும், அண்ணாச்சி” என்றேன். “வந்துருதேன் சிஸ்டர், வராம எங்க போவப்போறேன்?” என்று இரண்டு பஸ்ஸுக்குக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

ரூட் கேனால் முடிந்து கேப் போடாதவர்களுக்கென்று எங்கள் கிளினிக்கில் ஒரு நோட்டு உண்டு. கேப் நோட்டு என்று அதற்குப் பெயர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை நான் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக போனில் கூப்பிடுவேன். கேப் மாட்டி முடிந்த அன்று நோயாளி தன் கையாலேயே சிவப்புப் பேனாவால் தன் பெயரை அடிக்க வேண்டும். டாக்டர் கொண்டுவந்த வழக்கம் இது. பெரிய மனிதர்கள்கூடப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ரசித்து அடிப்பார்கள். சிலர் இரண்டு கோடு போடுவார்கள்.

அண்ணாச்சியை நான் கூப்பிடாத மாதம் கிடையாது.

“அண்ணாச்சி, கேப் போட எப்பம் வாரிய?”

“ஆரு? சிஸ்டரா! இப்பம் மூணடைப்புல நிக்கேன். பஸ்ல கூட்டம் பிச்சிக்கிட்டுப் போவுது. பெறவு கூப்பிடுதேன் என்ன!”

அடுத்த மாதம் டிரைவருக்கு லீவு. அதற்கடுத்த மாதம் கோயில் தேரோட்டக் கூட்டம். ஒருதடவை எனக்கே பொறுமை போய், “நாங்குநேரிக்குள்ள வராம பைபாஸ்லயே போற பஸ்ஸ ஊர்க்காரங்க மறிச்சி ஏசுவாங்கல்லா? நீங்களும் அந்த பஸ் மாதிரிதான் கிளினிக் வாசலத் தாண்டித் தாண்டிப் போறிய” என்றேன். போனில் அப்படிச் சிரித்தார். “நல்லா ஏசுதியளே சிஸ்டர்! வலிதான் போயிட்டுல்லா, பெறவு என்ன அவசரம்?” என்றார். நானும் பெரிய பாடமே நடத்தினேன். உள்ளே கூடாக இருக்கிற பல், என்றைக்காவது பிளக்கும், பிளந்தால் திரும்பி ஒட்டாது, இத்யாதி.

இப்போது ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியில் இருந்த பெயர் என்னுடையது.

4. முகக்கவசத்தின் மகிமை

அசனத்துக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரே ரூட் கேனால் செய்தார். கேப்புக்கு அளவெடுக்க நாள் குறித்தோம். அன்று கூட்டம் அதிகம். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் குழாயை யார் பிடிப்பது? அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் கூட்டம். அதற்குள் வலி போயிருந்தது. டாக்டர் என்னிடம் ஒரு காசு வாங்கமாட்டார் என்பது வேறு கூச்சமாக இருந்தது. இப்படிச் சொல்லிச் சொல்லியே பதினோரு ஆண்டு போய்விட்டது. காரணங்களைத் தேடிப் பார்த்தால் எல்லாம் மூணடைப்பில் நிற்கிற பஸ்தான்.

ஆனால் நோட்டில் மட்டும் நேர்மையாக இருந்தேன். பழைய நோட்டு தீர்ந்து புது நோட்டு போடும்போதெல்லாம் மீதிப் பெயர்களை எடுத்து எழுதுவது என் வேலை. ஒவ்வொரு முறையும் ‘மெர்சி, கீழ் வலது, கேப் போடவில்லை’ என்று, ரூட் கேனால் முடிந்த தேதியோடு, என் பெயரை அழகாக முதல் வரியில் எழுதினேன். திங்கட்கிழமை போன் செய்யும்போது இரண்டாவது பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.

அசனத்துக்குப் பிறகு பன்னிரண்டு நாள் நான் பல்லை மறைத்தேன். இந்த விஷயத்தில் முகக்கவசத்தை மிஞ்சிய நண்பன் இல்லை. கன்னம் லேசாக வீங்கியது யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம் டப்பாவில் தயிர்சோற்றைக் கரைத்துக் குடித்தேன். டாக்டர் கேட்டால் வயிறு சரியில்லை என்றேன். நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும் என்று பலரும் கேட்பார்கள். பல்லுக்குள்ளேதான் நரம்பு இல்லை. பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்பும் ஈறும் உயிரோடுதானே இருக்கின்றன? அவை நன்றாகவே வலித்தன. ஒவ்வொரு நாளும் காலையில் நாக்கால் அந்த விளிம்பைத் தடவிப் பார்ப்பேன். இன்னும் மேலேதான் நிற்கிறது, கீழே இறங்கியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நாக்கு என்ன எக்ஸ்ரே மிஷினா?

எனக்கு நாற்காலியைக் கண்டு பயம் கிடையாது. வெட்கம், அவ்வளவுதான். எத்தனை பேரை இதற்காக ஏசியிருக்கிறேன்! அந்த வாய்க்குள்ளேயே இப்படி ஒரு பல் கிடந்தது என்பதை டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

நான்காவது நாள் சுடலைமுத்து அண்ணாச்சி யாரும் கூப்பிடாமலே கிளினிக்குக்குள் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

“வடை தின்னுக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். இந்தத் துண்டு கழண்டு வந்துட்டு. ஏசாதிய.”

பொட்டலத்தில் அவருடைய பல்லின் ஒரு மூலை இருந்தது. நியாயமாக நான் அன்று அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்க வேண்டும். “பரவாயில்ல அண்ணாச்சி, உக்காருங்க” என்றேன். என் குரலைக் கேட்டு அவரே திகைத்துப்போனார். “என்ன சிஸ்டர், சவத்துப் பல்லு அவ்வளவு மோசமாவா போயிட்டு?” என்று பயந்தே விட்டார்.

அவருடைய அதிர்ஷ்டம், ஈறுக்கு மேலேயே ஒரு மூலைதான் உடைந்திருந்தது. டாக்டர் அதைக் கட்டியெழுப்பி, சுற்றிலும் சீவி, அளவெடுத்தார். எட்டு நாள் கழித்துக் கேப் வந்துவிடும் என்றார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பல் பிழைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு பொறாமையும் கொஞ்சம் இருந்தது.

5. சிவப்புப் பேனா

அளவெடுத்த எட்டாவது நாள் கேப் மாட்டி முடிந்ததும் அண்ணாச்சி கண்ணாடியில் பல்லை இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு ரிசப்ஷன் மேசைக்கு வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“எங்க அந்த நோட்டு? கொண்டாங்க. என் பேர நான் அடிச்சே ஆவணும். மாசாமாசம் என்னய வெரட்டுன நோட்டுல்லா!”

அவர் பெயர் இருந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கோடு போட்டார். அத்தோடு நோட்டை மூடிவைக்கிற ஆள் இல்லையே அவர். டிக்கெட் புத்தகத்தைப் புரட்டிப் பழகிய கை. எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே அறையிலிருந்து வெளியே வந்தார். வெளியே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“அடேயப்பா! இந்தா மொதப் பேரு, மெர்சியாம்” என்று அண்ணாச்சி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். “ரூட் கேனால் முடிச்சி பதினோரு வருசம் ஆச்சின்னு தேதி போட்டிருக்கு. இன்னும் கேப் போடலியாம். ஏன் சிஸ்டர், மூணு வருசத்துக்கே என்னயப் போட்டு அந்த ஏசு ஏசுனிய. இந்தம்மாவ மட்டும் ஏன் வெரட்டல? ஒங்களுக்குச் சொந்தமா?”

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் முகக்கவசத்தைப் பார்த்தார்.

“மெர்சி, மாஸ்க்கக் கழத்து” என்றார்.

இருபத்தெட்டு ஆண்டுகளில் நோயாளிகள் முன்னால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். அண்ணாச்சியின் கையிலிருந்த சிவப்புப் பேனா அப்படியே நின்றுவிட்டது. “எம்மா... நீங்களா சிஸ்டர்?” என்றார். மாஸ்க்கைக் கழற்றினேன். டாக்டர் நாற்காலியைக் காட்டினார்.

எத்தனையோ ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுவதை நான் பார்த்த நாற்காலி. அதில் படுத்தபோது விளக்கு இவ்வளவு கண்ணைக் கூசும் என்று இதுவரை யாருமே என்னிடம் சொல்லவில்லையே என்று தோன்றியது. டாக்டர் கருவியைப் பல்லின் நடுவில் வைத்து மெதுவாக நெம்பினார். பல்லின் இரண்டு பாதிகளும் தனித்தனியாக அசைந்தன. அதைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. விரிசல் வேர் பிரிகிற இடம்வரை இறங்கியிருந்தது.

“எப்பம் ஒடஞ்சது?”

“அசனத்தன்னைக்கு.”

“அன்னைக்கே காட்டியிருந்தா ஒருவேள காப்பாத்திருக்கலாம், தெரியல. ஆனா கேப் போட்டிருந்தா இது நடந்திருக்காது மெர்சி.” கருவியைத் தட்டில் வைத்தார். பிறகு, “நீ பாத்துக்கிடுவன்னு நானும் கேக்காம விட்டுட்டேன். பதினோரு வருசமா தெனமும் ஒன் மூஞ்சிய பாக்கேன், ஒரு நாளாவது வாயத் தெறன்னு சொல்லியிருக்கணும்” என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஏசியிருந்தால்கூட அழுதிருக்கமாட்டேன். அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதைத் தாங்க முடியவில்லை.

பல்லை எடுக்கத்தான் வேண்டும். குழாயைப் பிடிக்க ஆள் இல்லை. டாக்டரே ஒரு கையில் குழாயும் ஒரு கையில் கருவியுமாகச் சமாளித்தார். வெளியே போன் அடித்தது. இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள். அண்ணாச்சியின் குரல் உள்ளே தெளிவாகக் கேட்டது.

“அலோ, ஆமா, பல்லு கிளினிக்குதான். சிஸ்டர் இப்பம் பேச முடியாது. ஏன்னா? சிஸ்டருக்கே பல்லு புடுங்கிக்கிட்டு இருக்காவ. ஆமாங்கேன்! நீங்க கேப் போட்டுட்டியளா? போடலியா? நாளைக்கே வந்துருங்க, இல்லன்னா ஒங்களுக்கும் இந்தக் கதிதான்.”

மரத்துப்போன வாயோடு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காத, அசையாத” என்று சொன்ன டாக்டரும் சிரித்தார். சீழ் இருந்ததால் கடைசி நெம்பில் ஊசியை மீறிச் சுரீரென்று ஒரு வலி வந்தது. அண்ணாச்சியின் முதல் நாள் எனக்கு நினைவு வந்தது. பிறகு இரண்டு துண்டுகளும் ஒவ்வொன்றாக எவர்சில்வர் தட்டில் ‘டங், டங்’ என்று விழுந்தன.

வெளியே பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. “போலாம் ரைட்!”

6. மேசைமேல் ஒரு குப்பி

மூன்று மாதம் புண் ஆறவிட்டு, பக்கத்துப் பற்களைச் சீவி, அவற்றின்மேல் நடுவில் ஒரு பொய்ப்பல்லைத் தாங்குகிற பாலம் கட்டினார் டாக்டர். ஒரு கேப்போடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நல்ல பற்கள் இரண்டைச் சீவ வேண்டியதாயிற்று. அந்த மூன்று மாதமும் முதல் திங்கட்கிழமை தவறாமல் எனக்கு ஒரு போன் வரும். “சிஸ்டர், பாலம் போட்டாச்சா? இப்பம் எங்க நிக்கிய? மூணடைப்புலயா?” என்று கேட்டுவிட்டு, பஸ் இரைச்சலுக்கு நடுவில் அண்ணாச்சி தானே சிரித்துக்கொள்வார். பாலம் மாட்டிய அன்று சிவப்புப் பேனாவால் நான் என் பெயரை அடித்தேன். ஒரு கோடுதான். இரண்டு கோடு போட எனக்குத் தகுதி இல்லை.

பிளந்த பல்லைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. நன்றாகக் கழுவி, மருந்தில் ஊறவைத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ரிசப்ஷன் மேசையில் வைத்திருக்கிறேன். டாக்டர் முதலில் முகம் சுளித்தார். இரண்டு மாதத்தில் கேப் நோட்டில் பாதிப் பெயர்கள் அடிபட்டதைப் பார்த்துவிட்டுக் குப்பியை அங்கேயே இருக்கவிட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களே, கால்வாய்க் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாதாமாதம் போன் செய்யுங்கள். செய்வதற்கு முன்னால் நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஆழ்வார்திருநகரியிலிருந்து வருகிற ஒரு வாத்தியார் மேசைக்கு முன்னால் நின்று நெளிந்துகொண்டிருந்தார். அவருக்கு ரூட் கேனால் முடிந்து ஐந்து மாதமாகிறது.

“கேப் இப்பமே போடணுமா சிஸ்டர்? வலிதான் போயிட்டே” என்றார்.

நான் ஏசவில்லை. குப்பியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து உற்றுப் பார்த்தார்.

“ரெண்டாப் பொளந்துல்லா கெடக்கு! யாரு பல்லு இது?”

“அவளுக்கும் வலி போயிட்டுதான் சார். பதினோரு வருசம் நல்லாத்தான் இருந்தா.”

“ஐயோ பாவம். ஒரு கேப்பப் போட்டிருக்கக் கூடாதா? நீங்கள்லாம் எடுத்துச் சொல்லலியா?”

“ஊருக்கெல்லாம் சொன்னேன் சார். அவகிட்ட மட்டும் சொல்ல விட்டுப்போச்சு” என்று சொல்லி, மாஸ்க்கை இறக்கி, வாயைத் திறந்து காட்டினேன்.

வாத்தியார் என் வாயையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.